வீட்டு மின்னணுச் சதுரங்கப் பலகையின் வரலாறு

மின்னணுச் சதுரங்கப் பலகை என்பது, தன்மேல் வைக்கப்படும் காய்களின் நகர்வைத் தானே உணர்ந்து, அதனைக் கணினிக்கோ கைப்பேசிக்கோ தெரிவிக்கும் ஆட்டப் பலகை ஆகும். சில பலகைகளில் ஆடும் கணினியும் உள்ளேயே இருக்கும். சில பலகைகள் எதிராளியின் காயைத் தாமே நகர்த்தும். சில, விளக்கொளியால் கட்டத்தைக் காட்டி, காயை நகர்த்தும் வேலையை ஆடுபவரிடமே விட்டுவிடும்.

இக்கருவியின் வரலாற்றைக் கணினி எவ்வளவு வலிமையாக ஆடுகிறது என்ற கோணத்திலேயே பலரும் எழுதியுள்ளனர். ஆனால் இன்று இலவசமாகக் கிடைக்கும் ஸ்டாக்ஃபிஷ் போன்ற நிரல், சாதாரணக் கைப்பேசியில் ஓடினாலும் உலக வாகையரை விட வலிமையாக ஆடும். எனவே வலிமைக்காக யாரும் பலகை வாங்க வேண்டியதில்லை. மனிதர் காயை எங்கே வைத்தார் என்பதைப் பலகை எவ்வாறு அறிகிறது என்பதே இக்கருவியின் உண்மையான வரலாறு. வீட்டுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுப்பவருக்கும் அதுவே முதல் கேள்வி.

படையும் பலகையும்

சதுரங்கம் என்ற சொல் தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நான்கு உறுப்புகளைக் கொண்ட படையைக் குறிக்கும். திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலையடிவாரத்தில், பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியின் வட்டாரத்தில் உள்ள படவேடு, ‘படைவீடு’ என்ற பெயரிலிருந்து வந்தது. படை தங்கும் இடம் என்பது அதன் பொருள். சம்புவராயர்களின் தலைநகராக இருந்த இவ்வூர், 14ஆம் நூற்றாண்டில் விசயநகர இளவரசர் குமார கம்பணரின் படையெடுப்புக்குப் பின் விசயநகர ஆட்சிக்குள் வந்தது. இன்று ரேணுகாம்பாள் கோயிலால் அறியப்படுகிறது.

தமிழ்நாட்டில் இவ்விளையாட்டுக்குக் கோயில் மரபிலும் இடமுண்டு. திருவாரூர் மாவட்டம் திருப்பூவனூரில் இறைவனின் பெயர் சதுரங்க வல்லபநாதர். இளவரசியாக வளர்ந்த அம்மனைச் சிவபெருமான் சதுரங்கத்தில் வென்று மணந்தார் என்பது அத்தலத்தின் கதை. ஆட்டம் என்றால் எதிரே ஓர் ஆள் வேண்டும் என்பதை இக்கதையும் உணர்த்துகிறது. எதிரே ஆள் இல்லாதபோது என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்துதான் ஆடும் கருவிகளின் வரலாறு தொடங்குகிறது.

பெட்டிக்குள் இருந்த மனிதர்

1769இல் வோல்ஃப்காங் வான் கெம்பெலன் என்பவர் ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் அவைக்காக ‘துருக்கியர்’ எனப் பெயர்பெற்ற பொம்மையை உருவாக்கினார். தலைப்பாகை அணிந்த அப்பொம்மை ஒரு பெட்டியின் பின்னால் அமர்ந்து சதுரங்கம் ஆடியது. உண்மையில் பெட்டிக்குள் தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் ஒளிந்திருந்தார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல ஆண்டுகள் மக்களை வியக்க வைத்த இக்கருவி 1854இல் பிலடெல்பியாவில் நடந்த தீவிபத்தில் அழிந்தது.

இது ஏமாற்று வேலைதான். ஆயினும் மின்னணுப் பலகையின் அடிப்படைச் சிக்கல் இதிலேயே இருந்தது. உள்ளே இருந்தவரால் மேலே உள்ள காய்களைப் பார்க்க முடியாது. எனவே காய்களின் அடியில் காந்தம் வைக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் இழையில் தொங்கிய சிறு காந்தத் துண்டு, மேலே காய் வந்ததும் ஈர்க்கப்பட்டது. காய் அகன்றதும் விழுந்தது. அதைக் கொண்டு உள்ளிருந்தவர் எதிராளியின் நகர்வை அறிந்தார். இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த வீட்டுப் பலகைகள் பலவும் இதே காந்த முறையைத்தான் கையாண்டன. மாறியது, பெட்டிக்குள் இருந்தவர் மட்டுமே.

ஆள் ஒளியாமல் உண்மையாகவே ஆடிய முதல் கருவி, ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் லியனார்டோ டோரஸ் இ கெவேதோ 1912இல் உருவாக்கிய ‘எல் அஹெத்ரெசிஸ்தா’ ஆகும். அரசனும் கோட்டையும் கொண்ட தன் பக்கத்தை வைத்து, எதிரியின் தனி அரசனை அது முற்றுகையிட்டு முடித்தது. எதிரி அரசன் நிற்கும் கட்டத்தை மின்தொடுப்புகள் மூலம் அறிந்தது. பின்னர் வந்த பதிப்பு, பலகைக்கு அடியில் இருந்த காந்தத்தால் காய்களை நகர்த்தியது.

விசைகள் வழியே ஆடிய காலம்

நுண்செயலிகள் மலிவானபின் சதுரங்கக் கணினி வீட்டுக்குள் வந்தது. காதுகேள் கருவிகள் செய்துவந்த அமெரிக்காவின் ஃபிடெலிட்டி எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1977இல் ‘செஸ் சேலஞ்சர்’ என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பலகைக்கு உணர்வு கிடையாது. தான் நகர்த்திய காய் எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்குச் சென்றது என்பதை ஆடுபவரே விசைகளைத் தட்டித் தெரிவிக்க வேண்டும். கருவி தன் பதிலைச் சிறு திரையில் எழுத்தும் எண்ணுமாகக் காட்டும். அக்காயையும் ஆடுபவரே நகர்த்த வேண்டும்.

இதில் ஒரு தொல்லை இருந்தது. ஒரு விசையைத் தவறாகத் தட்டினாலும், ஒரு காயைத் தவறான கட்டத்தில் வைத்தாலும், பலகையில் ஓர் ஆட்டமும் கருவியின் நினைவில் வேறோர் ஆட்டமும் நடக்கும். பல நகர்வுகள் கடந்த பின்பே பிழை தெரியவரும்.

இச்சிக்கல் வீட்டுக் கருவிகளோடு நிற்கவில்லை. 1997 மே மாதம் நியூயார்க்கில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ‘டீப் புளூ’ உலக வாகையர் கேரி காஸ்பரோவை ஆறு ஆட்டத் தொடரில் வென்றது. அப்போதும் அதனால் பலகையைப் பார்க்க முடியவில்லை. அதை உருவாக்கிய குழுவினரில் ஒருவர் காஸ்பரோவின் எதிரே அமர்ந்து, அவருடைய நகர்வைக் கணினியில் பதிந்து, கணினியின் நகர்வைப் பலகையில் ஆடினார்.

அழுத்தம், காந்தம், பாவும் ஊடையும்

1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் அழுத்த உணர்வுப் பலகைகள் வந்தன. காயை எடுக்கும் முன் அது நிற்கும் கட்டத்தை அதைக் கொண்டே மெல்ல அழுத்த வேண்டும். சேரும் கட்டத்திலும் அப்படியே. கட்டங்களில் இருந்த சிறு விளக்குகள் கருவியின் பதிலைக் காட்டின. இம்முறை எளிது, மலிவு. எந்தக் காய்களை வைத்தும் ஆடலாம். ஆனால் அழுத்துவது ஆட்டத்தின் இயல்பான அசைவு அன்று. மறந்து காயை எடுத்தவர் திரும்ப வைத்து அழுத்த வேண்டியிருந்தது.

அடுத்து வந்தது காந்தப் பலகை. காயின் அடியில் காந்தமும், ஒவ்வொரு கட்டத்தின் அடியில் காந்தம் அருகில் வந்தால் மூடிக்கொள்ளும் சிறு இணைப்பியும் இருந்தன. ஜெர்மனியின் மியூனிக் நகரிலிருந்து வந்த ‘மெஃபிஸ்டோ’ மரப் பலகைகள் இவ்வகையில் புகழ்பெற்றவை. இவற்றில் காயைத் தூக்கி வைத்தாலே போதும்.

64 கட்டங்களுக்கு 64 தனிக் கம்பிகள் இழுப்பதில்லை. நெடுக்கில் 8, குறுக்கில் 8 என 16 கம்பிகள் போதும். ஒவ்வொரு சந்திப்பிலும் ஓர் இணைப்பி இருக்கும். கருவி நெடுக்கு வரிசைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, எந்தக் குறுக்கு வரிசையிலிருந்து பதில் வருகிறது என்று பார்க்கும். நொடிக்குப் பலமுறை இந்தச் சுற்று நடக்கும்.

ஆரணி வட்டாரத்தின் தறிகளைப் பார்த்தவருக்கு இந்த ஏற்பாடு அயலானது அன்று. நெடுக்கில் பாவு, குறுக்கில் ஊடை. பட்டுப் புடவையின் கரையிலும் முந்தியிலும் உருவம் நெய்ய ஜக்கார்டு கருவி பயன்படுகிறது. அதன் அட்டையில் துளை இருந்தால் அந்தப் பாவிழை மேலே எழும்; துளை இல்லாவிட்டால் எழாது. இழை இழையாக ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டே விடைகளிலிருந்து மயிலும் மாங்காயும் உருவாகின்றன. காந்தப் பலகையும் கட்டம் கட்டமாக அதே இரண்டு விடைகளைத்தான் அறியும்: காய் உண்டு, காய் இல்லை.

இந்த ஒப்புமைக்கு வரலாற்றுத் தொடர்பும் உண்டு. ஜோசப் மேரி ஜக்கார்டு பிரான்சின் லியோன் நகரில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய இந்தத் துளையட்டை முறையையே, ஆங்கிலேயக் கணிதவியலாளர் சார்லஸ் பாபேஜ் தமது பகுப்புப் பொறிக்குக் கட்டளை தருவதற்காகத் திட்டமிட்டார். அதே பாபேஜ் இளமையில் ‘துருக்கியர்’ பொம்மையோடு ஆடித் தோற்றவர்.

காயை அடையாளம் காணும் பலகை

‘உண்டு’, ‘இல்லை’ மட்டும் அறியும் பலகைக்கு, எந்தக் கட்டத்தில் குதிரை, எந்தக் கட்டத்தில் அரசி என்று தெரியாது. ஆட்டம் வழக்கமான தொடக்க நிலையிலிருந்து தொடங்கியது என்று கொண்டு, ஒவ்வொரு நகர்வையும் எண்ணிக்கொண்டே வரும். நடுவில் பலகை தட்டப்பட்டுக் காய்கள் சரிந்தால் எண்ணிக்கை அறுந்துவிடும். காலாள் கடைசி வரிசையை அடைந்து வேறு காயாக உயரும்போதும், அது அரசியா குதிரையா என்பதை ஆடுபவர் தனியே சொல்ல வேண்டும்.

இதற்குத் தீர்வாகக் காய்களுக்கே அடையாளம் தரப்பட்டது. 1992இல் நெதர்லாந்தில் தொடங்கப்பட்ட டி.ஜி.டி. நிறுவனத்தின் பலகைகளில், ஒவ்வொரு காயின் அடியிலும் மின்கலம் இல்லாத சிறு சுருள் உள்ளது. ஆறு வகைக் காய்கள், இரண்டு நிறங்கள் என 12 வகைக்கும் தனித்தனி அதிர்வெண் உண்டு. பலகைக்கு அடியில் உள்ள கம்பிகள் சமிக்ஞை அனுப்ப, காய் தனக்குரிய அதிர்வெண்ணில் பதில் தரும். இதனால் எந்த நிலையிலிருந்தும் ஆட்டத்தைத் தொடங்கலாம்.

பெரும் போட்டிகளின் ஆட்டங்கள் உடனுக்குடன் இணையத்தில் தெரிவது இத்தகைய பலகைகளால்தான். 2022 சூலை 28 முதல் ஆகத்து 10 வரை மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடில் பொதுப் பிரிவில் 188 அணிகளும் பெண்கள் பிரிவில் 162 அணிகளும் கலந்துகொண்டன. அணிக்கு நால்வர் என்றால் ஒரு சுற்றில் சுமார் 700 பலகைகள். எங்கோ ஒரு சிற்றூரில் கைப்பேசி வைத்திருந்த மாணவரும் மாமல்லபுரத்தில் வைக்கப்பட்ட காயை அடுத்த நொடியே பார்க்க முடிந்தது.

இந்தியாவிலிருந்தும் ஒரு பங்களிப்பு உண்டு. மும்பையைச் சேர்ந்த பவ்யா கோஹில், அதுர் மேத்தா ஆகியோர் உருவாக்கிய ‘ஸ்குவேர் ஆஃப்’ பலகை 2016இல் இணையவழிக் கூட்டு நிதி மூலம் அறிமுகமானது. பலகைக்கு அடியில் நகரும் காந்தம், எதிராளியின் காயைத் தானே இழுத்துச் செல்லும். பார்வையற்றோருக்கான பலகை என்ற எண்ணத்திலிருந்து இம்முயற்சி தொடங்கியது.

தமிழ்நாட்டுச் சூழல்

தமிழ்நாட்டின் சதுரங்க வளர்ச்சி மின்னணுப் பலகையால் வந்ததன்று. 1961இல் இந்தியாவின் முதல் பன்னாட்டு மாஸ்டரான மானுவேல் ஆரோன், சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் 1972இல் தொடங்கப்பட்ட மிகைல் தால் சதுரங்கக் கழகம், அங்கு ஆடி வளர்ந்து 1988இல் நாட்டின் முதல் கிராண்ட் மாஸ்டரான விஸ்வநாதன் ஆனந்த் என்று அவ்வரலாறு மனிதர்கள் வழியே நகர்ந்தது. சதுரங்கக் கணினிகள் ஐரோப்பிய வீடுகளில் பரவிய 1980களில், இறக்குமதிக் கட்டுப்பாடுகள் காரணமாக அவை இங்கு அரிதாகவே கிடைத்தன. எதிராளியைத் தேடிக் கழகத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது.

2024 திசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் தம் 18ஆம் வயதில் உலக வாகையரான சென்னையின் து. குகேஷின் பயிற்சியும் இங்குக் குறிப்பிடத்தக்கது. அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, அவர் கிராண்ட் மாஸ்டர் ஆகி, தரப்புள்ளி 2500 அளவை எட்டும்வரை கணினி நிரல்களின் துணையின்றிச் சிந்திக்கப் பழக்கினார். விடையைச் சொல்லும் கருவி எளிதில் கிடைக்கும் காலத்தில், விடையைத் தேடும் பழக்கத்தைக் காப்பதே கடினம் என்பதை இது காட்டுகிறது.

கழகமும் பயிற்சியாளரும் உள்ள நகரங்களின் நிலை வேறு. படவேடு போன்ற ஊர்களின் நிலை வேறு. ஒலிம்பியாடை ஒட்டி அரசுப் பள்ளிகளில் போட்டிகள் நடத்தப்பட்டன. பல ஊர்ப் பிள்ளைகள் அப்போது ஆடக் கற்றனர். பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்தபின் தன் அளவுக்கு ஆடும் எதிராளி கிடைக்காத பிள்ளைக்குக் கைப்பேசித் திரையே மிஞ்சுகிறது. போட்டிகளோ மேசைப் பலகையில் நடக்கின்றன. திரையில் மட்டும் பழகியவர்கள், பெரிய பலகையின் ஓரத்தில் நிற்கும் கோட்டையையோ மந்திரியையோ கவனிக்கத் தவறுவதைப் பயிற்சியாளர்கள் சுட்டிக்காட்டுவதுண்டு. வீட்டு மின்னணுப் பலகை பயன்படக்கூடிய இடம் இதுவே.

தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

உணரும் முறை: ஒருவரே கணினியோடு ஆடுவதற்குக் காந்தப் பலகையே போதும். புதிர் நிலைகளை அடுக்கிப் பயில்வதற்கும், அடிக்கடி காய்கள் கலைக்கப்படும் வீட்டுக்கும் காயை அடையாளம் காணும் பலகை ஏற்றது. விலையும் அதற்கேற்பக் கூடும். அழுத்தப் பலகை மலிவானது. ஆனால் போட்டிப் பழக்கத்துக்கு ஒத்துவராது.

அளவு: பன்னாட்டுப் போட்டிப் பலகையின் கட்டம் ஒவ்வொரு பக்கமும் 5 முதல் 6 செ.மீ. வரை இருக்கும். வீட்டுப் பலகைகள் பல இதைவிடச் சிறியவை. போட்டிக்குப் பழகுவதே நோக்கமென்றால் இந்த அளவை முதலில் பார்க்க வேண்டும்.

தனித்து இயங்குமா: சில பலகைகளுக்குள்ளேயே ஆடும் நிரல் இருக்கும். மற்றவை கைப்பேசிச் செயலி இல்லாமல் இயங்கா. செயலியை மட்டும் நம்பிய பலகை, நிறுவனம் அச்செயலியைக் கைவிட்ட நாளில் வெறும் மரமாகிவிடும். தகவல் பரிமாறும் முறை வெளிப்படையாக உள்ள பலகைகளை லிச்செஸ் போன்ற இலவசத் தளத்தோடும் தன்னார்வலர்கள் எழுதிய நிரல்களோடும் இணைக்க முடிகிறது. நீண்ட நாள் பயனுக்கு இது முக்கியம்.

காய்கள்: காயை அடையாளம் காணும் பலகைக்கு அதற்கென்று செய்த காய்களே பொருந்தும். ஒரு குதிரை தொலைந்தால் கடைக் குதிரையை வைக்க முடியாது. உதிரிக் காய் கிடைக்குமா, கூடுதல் அரசி உண்டா என்று வாங்கும்போதே கேட்டறிய வேண்டும்.

நிலைகள்: கருவியின் உச்ச வலிமையை விட, அது எவ்வளவு எளிதாக ஆடும் என்பதே பிள்ளைகளுக்குத் தேவையான தகவல். எப்போதும் தோற்கும் பிள்ளை விரைவில் பலகையை மூடிவிடும்.

பயன்படுத்தும் முறை

காந்தப் பலகையில் ஒவ்வொரு காயையும் கட்டத்தின் நடுவில் வைக்க வேண்டும். காயைத் தேய்த்து நகர்த்தினால் இடையில் உள்ள கட்டங்களும் பதிவாகலாம். தூக்கி வைப்பதே நல்லது. எதிரியின் காயை வெட்டும்போது அதை வெளியே எடுத்துவிட்டுத் தன் காயை வைப்பது தெளிவான முறை. கோட்டை கட்டும்போது முதலில் அரசனை இரண்டு கட்டம் நகர்த்தி, பின்பு கோட்டையை நகர்த்த வேண்டும். போட்டி விதிகளும் இதே வரிசையைத்தான் கேட்கின்றன என்பதால், பலகை ஒரு நல்ல பழக்கத்தையும் தருகிறது.

சுருள் வகைப் பலகையை இரும்பு மேசைமேல் வைப்பதையும், காந்தப் பலகையை ஒலிபெருக்கி போன்ற காந்தப் பொருள்களின் அருகில் வைப்பதையும் தவிர்க்க வேண்டும். இணையத்தில் ஆடும்போது, காயை வைத்து அது பதிவாகச் சிறிது நேரம் ஆவதால், மூன்று நிமிட மின்னல் ஆட்டங்களை விட 15 நிமிடமோ அதற்கு மேலோ உள்ள ஆட்டங்களே பொருத்தமானவை.

இப்பலகையின் பெரும்பயன் ஆட்டம் முடிந்தபின் கிடைக்கிறது. அண்ணனும் தங்கையும் எதிரெதிரே அமர்ந்து ஆடினாலும் அவர்களுடைய ஒவ்வொரு நகர்வும் பதிவாகியிருக்கும். எங்கே தவறினோம் என்று முதலில் தாங்களே பேசிப் பார்த்து, அதன்பின் நிரலின் கருத்தைக் கேட்டால் பதிவுக்குப் பொருள் உண்டு. ஆடும்போதே நல்ல நகர்வை விளக்கொளியால் காட்டும் வசதி பல பலகைகளில் உள்ளது. தொடக்க நாள்கள் கடந்தபின் அதை அணைத்து வைப்பது நல்லது.

வரம்புகள்

நல்ல மின்னணுப் பலகையின் விலை, சாதாரணப் போட்டிப் பலகையின் விலையைப் போலப் பல மடங்கு. கூலிக்கு நெய்யும் குடும்பத்துக்கு அது சிறு தொகை அன்று. வாங்க இயலாதவர், சாதாரணப் பலகையைக் கைப்பேசியின் அருகில் வைத்து, இரண்டிலும் காயை நகர்த்தி ஆடலாம். இது 1977இன் செஸ் சேலஞ்சர் முறையேதான். கவனம் மட்டும் கூடுதலாக வேண்டும். ஒரு வீட்டில் கிடந்து தூசி படியும் பலகையை விட, பள்ளியிலோ ஊர் நூலகத்திலோ பலருக்குப் பொதுவாக இருக்கும் ஒரு பலகை கூடுதல் பயன் தரும்.

‘துருக்கியர்’ பெட்டிக்குள் மனிதர் ஒளிந்திருந்ததை அறிந்தபோது மக்கள் ஏமாற்றமடைந்தனர். இணையத்தோடு இணைந்த இன்றைய பலகையில் விளக்கு மினுங்கும்போது, அதன் மறுமுனையில் வேறோர் ஊரில் ஒரு மனிதர் அமர்ந்திருக்கக்கூடும். இப்போது அவர் ஒளிந்திருக்கவில்லை. எதிராளி இல்லாத ஊரிலிருக்கும் பிள்ளைக்கு, அந்த மனிதரைப் பலகையின் எதிர்ப்பக்கம் கொண்டுவந்து அமர்த்துவதே இக்கருவி செய்யக்கூடிய பெரிய உதவி.